மொட்டை மாடியிலிருந்தே இரட்டை விண்மீன்களை அளப்பது எப்படி

நகரத்துக்குள் குடியிருந்துகொண்டு தொலைநோக்கி வாங்கியவர்கள் எல்லாரும் புலம்புவது ஒன்றைத்தான்: வானம் வெளுத்துக் கிடக்கிறது, நெபுலாவும் தெரியவில்லை, கேலக்ஸியும் தெரியவில்லை. வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து தொலைநோக்கியில் இரண்டாகப் பிரியும் இரட்டை விண்மீன்களுக்கு இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. தெருவிளக்கு எரியட்டும், பௌர்ணமியாகவே இருக்கட்டும், ஐந்தாம் ஆறாம் ஒளியளவு (எண் கூடக்கூட மங்கல்) விண்மீன்கள் 150 மி.மீ. கண்ணாடியில் பளிச்சென்று தெரியும். அதைவிட முக்கியமான விஷயம், இந்தத் துறையில் பார்த்து ரசிப்பதோடு நிற்க வேண்டியதில்லை. ஒழுங்காக அளந்து, தேதி போட்டு வைத்தால் அந்த எண் ஐம்பது வருடம் கழித்தும் யாராவது ஒருவர் சுற்றுப்பாதை கணக்கிடும்போது உதவும்.

நம் பக்கத்துக்கு இதில் பழைய உறவும் உண்டு. ஆல்ஃபா சென்டாரி ஒரு விண்மீன் அல்ல, இரண்டு என்று முதலில் கண்டு எழுதியவர் ழான் ரிஷோ என்ற ஏசு சபைப் பாதிரியார். 1689 டிசம்பரில் புதுச்சேரியில் ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. இன்றைக்கும் வாஷிங்டன் இரட்டை விண்மீன் பட்டியலில் அந்த ஜோடியின் பெயர் 14396-6050, ஆர்.எச்.டி. 1. அந்த ஆர்.எச்.டி. ரிஷோதான்; முன்னால் இருக்கும் எண்கள் வானத்தில் அதன் இடம். 1855இல் மெட்ராஸ் வானாய்வகத்தில் இருந்த கேப்டன் ஜேக்கப், 70 ஓஃபியூக்கி என்ற ஜோடியின் அளவுகள் கணக்கோடு ஒத்துப்போகவில்லை, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு கோள் இழுக்கிறது போலிருக்கிறது என்று எழுதினார். அந்தக் கோள் இன்றுவரை உறுதியாகவில்லை. அளவில் இருக்கும் சிறு பிழையை உண்மையான நகர்வு என்று நம்பிவிட்டால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நல்ல பாடம். கீழே நான் பிழையைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசினால் சலித்துக்கொள்ளாதீர்கள்.

எதை அளக்கிறோம்

ஒரு ஜோடிக்கு இரண்டு எண், ஒரு தேதி, அவ்வளவுதான். பிரகாசமானதை ஏ என்றும் மற்றதை பி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஆர்க் செகண்டில் (ஒரு டிகிரியில் 3600; முழுநிலவின் குறுக்களவு சுமார் 1800). அடுத்தது பொசிஷன் ஆங்கிள். ஏயில் இருந்து வடக்கே போகும் கோடு 0 டிகிரி, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. பி எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தக் கோணம். தேதியைத் தசம வருடமாக எழுதுவது வழக்கம்: 2025 மார்ச் 15 என்றால் 2025.20.

மூன்று நான்கு விண்மீன் கொண்ட தொகுதி என்றால் ஏ-பி, ஏ-சி என்று ஜோடி ஜோடியாகப் பிரித்து இதையே செய்வதுதான். ஓரியனின் ட்ரப்பீசியம், பீட்டா மோனோசெராட்டிஸ் மும்மீன், லைராவில் ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிரியும் எப்சிலான், எல்லாவற்றுக்கும் இதே முறைதான். எந்த இரண்டை அளந்தீர்கள் என்பதை மட்டும் தெளிவாக எழுதிவையுங்கள்.

கண்ணும் காற்றும்

உங்கள் தொலைநோக்கி எவ்வளவு நெருக்கமான ஜோடியைப் பிரிக்கும் என்பதற்கு டாஸ் வரம்பு என்று ஒரு எளிய கணக்கு இருக்கிறது: 116ஐக் கண்ணாடியின் விட்டத்தால் (மி.மீ.) வகுத்தால் ஆர்க் செகண்ட். 150க்கு 0.77, 200க்கு 0.58. இது சம ஒளி உள்ள, ரொம்பப் பிரகாசமில்லாத ஜோடிகளுக்கு மட்டும். சிரியஸ் மாதிரி, கூட இருப்பது பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஒளிதான் தருகிறது என்றால், 10 ஆர்க் செகண்டுக்கு மேல் இடைவெளி இருந்தும் கண் திணறும். அதிலும் நமக்கு ஒரு சௌகரியம், ஐரோப்பாவில் அடிவானத்துக்குப் பக்கத்தில் தள்ளாடும் சிரியஸ் சென்னையில் 60 டிகிரி உயரத்துக்கு ஏறுகிறது.

நடைமுறையில் வரம்பைத் தீர்மானிப்பது காற்றுதான். மழை பெய்து கழுவிவிட்ட மாதிரி வானம் இருக்கும் இரவில் ஆசையாகத் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு போனால் விண்மீன்கள் கொதிக்கிற எண்ணெய் மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். லேசாக மூட்டம் போட்டு, இலை அசையாமல் புழுங்குகிற இரவில் அதே விண்மீன் சின்னப் பொட்டாக நின்று, சுற்றிலும் மெல்லிய வளையம் காட்டும். இரட்டை விண்மீனுக்கு இரண்டாவது இரவுதான் வேண்டும். அப்புறம், பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவு பத்து மணி வரைக்கும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம், அல்லது நள்ளிரவுக்குப் பிறகு ஆரம்பிக்கலாம். கண்ணாடியும் வெளிக்காற்றின் சூட்டுக்கு வர முக்கால் மணி நேரமாவது கொடுங்கள். ஏசி அறையில் இருந்து நேராக வெளியே கொண்டுவந்தால் பனி படிந்துவிடும், அது தனி வேதனை.

காலிமேஷன், அதாவது கண்ணாடிகள் ஒரே நேர்கோட்டில் பொருந்தியிருப்பது, சரியாக இல்லாவிட்டால் மேலே போகவே வேண்டாம். பிரகாசமான ஒரு விண்மீனைக் கொஞ்சம் ஃபோகஸ் விலக்கிப் பாருங்கள். வளையங்கள் ஒருமையமாக இருக்க வேண்டும். ஒருபக்கம் சாய்ந்திருந்தால் நெருக்கமான ஜோடியில் அந்தச் சாய்வே பொய்யாக ஒரு பியை உண்டாக்கிக் காட்டும்.

வடக்கு எது, மேற்கு எது

புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், ஆனால் தீர்வு எளிது. தொலைநோக்கியை விண்மீனோடு கூடவே திருப்பும் மோட்டாரை நிறுத்திவிட்டு விண்மீன் எந்தப் பக்கமாக நகர்ந்து வெளியேறுகிறது என்று பாருங்கள், அது மேற்கு. பிறகு தொலைநோக்கிக் குழாயைத் துருவ விண்மீன் பக்கமாகத் துளி நகர்த்துங்கள். புதிய விண்மீன்கள் எந்த விளிம்பில் இருந்து உள்ளே வருகின்றனவோ அது வடக்கு. நியூட்டோனியன், டாப்சோனியன் வகையில் படம் தலைகீழாக இருக்குமே தவிர இடவலம் மாறாது, எனவே வடக்கில் இருந்து கிழக்குக்குப் போவது கடிகாரத்துக்கு எதிர்த்திசையிலேயே இருக்கும். 90 டிகிரி கண்ணாடித் துண்டு மாட்டிய ரிஃப்ராக்டரிலும் ஷ்மிட்-காஸக்ரைனிலும் அது கடிகாரத் திசைக்கு மாறிவிடும். இதைக் கவனிக்காமல் எழுதினால் கோணம் 360இல் இருந்து கழித்த மாதிரி வந்து நிற்கும்.

கன்னி ராசியில் இருக்கும் பொரிமா போல இரண்டும் ஒரே ஒளியளவில் இருந்தால் எது ஏ, எது பி என்பதிலேயே குழப்பம் வரும், கோணம் 180 டிகிரி மாறிப் போகும். பட்டியலைப் பார்த்துத் திருத்த வேண்டியது அந்த 180ஐ மட்டும்தான், மற்றதை அல்ல.

இங்கேயே ஒரு விதியையும் சொல்லிவிடுகிறேன்: அளக்கும் முன் பட்டியலில் உள்ள இடைவெளியையும் கோணத்தையும் பார்க்காதீர்கள். தேடிப் பிடிக்க ஆயமும் (வானத்தில் அதன் இடத்தைச் சொல்லும் எண்கள்) ஒளியளவும் போதும். 14.4 என்று தெரிந்துகொண்டு அளந்தால் உங்கள் கண் 14.4ஐத்தான் கண்டுபிடிக்கும். எத்தனை நேர்மையானவராக இருந்தாலும் இது நடக்கும்.

கண்ணால் அளக்க: கோடு போட்ட ஐபீஸ்

அந்தக் காலத்தில் ஃபைலார் மைக்ரோமீட்டர் என்று சிலந்தி நூல் கட்டி, திருகு வைத்து அளந்தார்கள். ஸ்ட்ரூவே என்ற வானியலாளர் 1820களில் டோர்ப்பாட்டில் (இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டு) அப்படித்தான் ஆயிரக்கணக்கான ஜோடிகளை அளந்தார். இன்று அதற்குப் பதிலாக, கண்ணாடியில் அளவுகோலும் சுற்றி வட்டமாக டிகிரிக் கோடுகளும் பொறித்த, வெளிச்சம் போட்ட அஸ்ட்ரோமெட்ரிக் ஐபீஸ் கிடைக்கிறது. பொதுவாக 12.5 மி.மீ., அளவுகோலில் 60 பிரிவுகள்.

முதல் வேலை, ஒரு பிரிவு எத்தனை ஆர்க் செகண்ட் என்று கண்டுபிடிப்பது. பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள், குறிப்பாக பார்லோ (உருப்பெருக்கத்தைக் கூட்டும் லென்ஸ்) மாட்டியிருந்தால். 2எக்ஸ் என்று போட்ட பார்லோ உள்ளே எவ்வளவு தூரம் செருகினீர்கள் என்பதைப் பொறுத்து 1.9 ஆகவும் இருக்கும், 2.2 ஆகவும் இருக்கும். விண்மீனையே கடிகாரமாக்கிக்கொள்ளுங்கள். மோட்டாரை நிறுத்தி, அளவுகோலைக் கிழக்கு-மேற்காகத் திருப்பி, ஒரு விண்மீன் கோலின் இந்த முனையில் இருந்து அந்த முனைக்குப் போக எத்தனை நொடி என்று ஸ்டாப்வாட்சில் பிடியுங்கள். வான நடுக்கோட்டில் உள்ள விண்மீன் நொடிக்கு 15.041 ஆர்க் செகண்ட் நகரும்; மற்றவற்றுக்கு அதைச் சரிவின் (வான நடுக்கோட்டில் இருந்து வடக்கே அல்லது தெற்கே எத்தனை டிகிரி என்பது) கொசைனால் பெருக்க வேண்டும்.

உதாரணமாக 1200 மி.மீ. குவியத் தூரம், பார்லோவோடு, சப்தரிஷி மண்டலத்தின் டூபே விண்மீனை எடுத்துக்கொள்வோம். 60 பிரிவைக் கடக்க 72 நொடி ஆகிறது என்றால், 15.041 × 72 × 0.4756, அதை 60ஆல் வகுக்க, ஒரு பிரிவுக்கு 8.58 ஆர்க் செகண்ட். டூபேயை எடுத்ததற்குக் காரணம் உண்டு. துருவத்துக்குப் பக்கத்தில் இருப்பது மெதுவாக நகரும், பட்டன் அழுத்துவதில் கால் நொடி முன்னே பின்னே ஆனாலும் விகிதத்தில் சின்னப் பிழை. ஆனால் அங்கே சரிவைத் துல்லியமாகப் போட வேண்டும்: பட்டியலில் 2000ஆம் ஆண்டுக்கான சரிவு 61.75 டிகிரி, இன்றைக்கு அது 61.6 பக்கம் வந்துவிட்டது, பழையதையே போட்டால் விடை கிட்டத்தட்ட அரை சதவீதம் தப்பும். ஸ்டெல்லேரியம் மென்பொருளில் இன்றைய தேதிக்கான சரிவு கிடைக்கும். பத்துத் தடவையாவது நேரம் பிடித்து சராசரி எடுங்கள்.

அளவுகோல் தயாரானதும் ஏயையும் பியையும் அதன்மேல் படுக்க வைத்து, பிரிவில் பத்தில் ஒரு பங்கு வரை மதிப்பிட்டு எழுதுங்கள். ஒவ்வொரு தடவையும் ஜோடியைக் கோலின் வேறு இடத்துக்கு நகர்த்தி எடுங்கள், ஒரே கோட்டில் வைத்தே திரும்பத் திரும்பப் பார்த்தால் முதல் எண்ணையே மறுபடி எழுதுவீர்கள். கோணத்துக்கு, ஜோடி கோலோடு ஒத்திருக்கும்படி ஐபீஸைத் திருப்பி, ஏயை நடுப்புள்ளியில் வைத்து மோட்டாரை நிறுத்தினால், அது நகர்ந்து விளிம்பு வட்டத்தைத் தொடும் இடம் மேற்கு. அங்கே உள்ள டிகிரியில் இருந்து பி இருக்கும் திசை எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிடலாம்.

இந்த முறை 15 ஆர்க் செகண்டுக்கு மேற்பட்ட ஜோடிகளுக்கு நன்றாக இருக்கும். பத்தில் ஒரு பிரிவே 0.9 ஆர்க் செகண்ட் என்னும்போது 4 ஆர்க் செகண்ட் ஜோடியை இதில் அளந்தேன் என்று சொல்வதில் அர்த்தமில்லை.

கேமராவால் அளக்க

இன்றைக்கு நான் யாருக்கும் சிபாரிசு செய்வது இதைத்தான். கோள்களைப் படமெடுக்க விற்கும் சின்ன கருப்பு-வெள்ளை கேமரா போதும். மோட்டார் இல்லாத சாதாரண டாப்சோனியன் வைத்திருப்பவர்கள் இதெல்லாம் நமக்கு ஒத்துவராது என்று ஒதுங்குகிறார்கள், உண்மையில் அவர்களுக்குத்தான் வேலை சுலபம், ஏனென்றால் நகராத தொலைநோக்கியில் எடுக்கும் ஒவ்வொரு வீடியோவும் தன் அளவுகோலையும் தன் திசையையும் கூடவே கொண்டுவருகிறது.

செய்வது இப்படி. ஜோடியைக் கேமராவின் கிழக்கு விளிம்புக்கு வெளியே கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு கையை எடுத்துவிடுங்கள். அது உள்ளே வந்து, நடந்து, மேற்கே வெளியேறும் வரை பதிவு செய்யுங்கள். ஒரு ஃபிரேமுக்கு 10 முதல் 20 மில்லி நொடி வெளிச்சம். ஏ வெளுத்துப் போகக் கூடாது, வெளுத்தால் மையம் கண்டுபிடிக்க முடியாது. 200 மி.மீ. எஃப்/6 டாப்சோனியன் (குவியத் தூரம் 1200 மி.மீ.), 2எக்ஸ் பார்லோ (அதோடு 2400), 3.75 மைக்ரான் பிக்சல் என்றால் எதிர்பார்க்கும் அளவு 206.265 × 3.75 / 2400, அதாவது பிக்சலுக்கு 0.322 ஆர்க் செகண்ட். இது வெறும் எதிர்பார்ப்பு. உண்மையான எண்ணை நகர்வில் இருந்து எடுங்கள். கடகத்தில் உள்ள அயோட்டா கான்க்ரியின் சரிவு இன்றைக்கு 28.7 டிகிரி, அது நொடிக்கு 13.19 ஆர்க் செகண்ட் நகரும். 30 நொடியில் 1229 பிக்சல் போயிருந்தால் பிக்சலுக்கு 0.322. நகர்ந்த பாதை படத்தின் கிடைக்கோட்டுக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது கேமராவின் சாய்வு.

நொடிக்கு 30 ஃபிரேம் வைத்தால் அந்த முப்பது நொடியில் தொள்ளாயிரம் படம். எல்லாம் நல்ல படமாக இருக்காது. காற்று ஒரு கணம் அடங்கும்போது விழுந்த கூர்மையான பத்துப் பதினைந்து சதவீதத்தை மட்டும் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் ஏயும் பியும் உருண்டையாக நிற்கும். இரட்டை விண்மீன் அளப்பதற்கென்றே எழுதப்பட்ட ரெடக் போன்ற மென்பொருள்கள் மையத்தைப் பிக்சலின் பின்னம் வரை கண்டுபிடித்துத் தரும்.

கணக்கைக் கையாலும் ஒருதடவை போட்டுப் பாருங்கள், மென்பொருள் என்ன செய்கிறது என்று புரியும். சாய்வைத் திருத்தி, வடக்கு மேலே கிழக்கு இடப்பக்கம் என்று படத்தை வைத்தபின், பியானது ஏயில் இருந்து வலப்பக்கம் 75 பிக்சல், மேலே 58.5 பிக்சல் என்று வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 95.1 பிக்சல், 0.322ஆல் பெருக்கினால் 30.6 ஆர்க் செகண்ட். 75/58.5இன் தலைகீழ் டேன்ஜென்ட் 52 டிகிரி. பி மேற்குப் பக்கம் இருப்பதால் 360இல் கழிக்க 308.

டாப்சோனியனைக் கையால் தள்ளும் ஒவ்வொரு முறையும் படத்தின் திசை கொஞ்சம் திரும்பிவிடும். அதனால் ஒரு வீடியோவில் எடுத்த சாய்வை இன்னொன்றுக்குப் போடாதீர்கள். ஷ்மிட்-காஸக்ரைன்காரர்களுக்கு வேறு பிரச்சினை: ஃபோகஸ் திருகும்போது உள்ளே முதன்மைக் கண்ணாடியே நகர்வதால் குவியத் தூரமும் மாறும், ஃபோகஸைத் தொட்டால் அளவுகோலை மறுபடி எடுக்க வேண்டும்.

2 ஆர்க் செகண்டுக்குக் கீழே போனால் ஸ்பெக்கிள் முறை இருக்கிறது. லபேரி என்ற பிரெஞ்சுக்காரர் 1970இல் சொன்னது: காற்று சிதைத்த குறுநொடிப் படங்களைப் பொறுக்காமல் மொத்தமாக ஃபூரியே கணக்குக்கு உட்படுத்தி உள்ளே ஒளிந்திருக்கும் இடைவெளியை மீட்பது. இலவச மென்பொருள் கிடைக்கிறது, ஆனால் முதல் வருடம் இந்தப் பக்கம் போகாதீர்கள்.

பிழையை எழுதாத அளவு அளவே அல்ல

ஒரு இரவில் ஐந்தாறு வீடியோ, ஒவ்வொன்றுக்கும் தனி விடை, சராசரி, விலகல். பிறகு வேறு இரண்டு மூன்று இரவுகளில் அதே ஜோடி. ஒரே இரவின் விடைகள் தங்களுக்குள் அழகாக ஒத்துப்போவதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அளவுகோல் தப்பாக இருந்தால் எல்லாமே ஒரே பக்கமாகத் தப்பும். 30 ஆர்க் செகண்ட் ஜோடிக்கு அளவுகோலில் ஒரு சதவீதம் பிழை என்பது 0.3 ஆர்க் செகண்ட். கோணத்தில் அரை டிகிரி பிழையும் கிட்டத்தட்ட அவ்வளவே, 0.26. எனவே இரண்டையும் சேர்த்தே மேம்படுத்த வேண்டும், ஒன்றை மட்டும் மூன்று தசமத்துக்கு எழுதுவது வெறும் ஜம்பம்.

நன்றாகத் தெரிந்த, மெதுவாக நகரும் ஒரு ஜோடியை ஒவ்வொரு இரவும் முதலில் அளப்பது நல்ல பழக்கம். கல்யாணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கச் சொல்வார்களே, அந்த அருந்ததிக்குப் பக்கத்தில் இருக்கும் வசிஷ்டர், அதாவது மைஸார், இதற்குத் தோதானது. அருந்ததிக்கும் வசிஷ்டருக்கும் இடைவெளி 12 ஆர்க் நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, வெறும் கண்ணுக்கே தெரியும். வசிஷ்டரைத் தொலைநோக்கியில் பார்த்தால் அவரே இரண்டு, இடைவெளி 14 ஆர்க் செகண்ட் சொச்சம், சுற்றி வர ஆயிரக்கணக்கான வருடம். உங்கள் கருவி இன்று சரியாக இருக்கிறதா என்று அங்கே தெரிந்துவிடும்.

எதை எடுப்பது

நாம் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் வடக்கும் தெற்கும் இரண்டும் கிடைக்கின்றன, இந்தச் சலுகை பலருக்கு இல்லை. பொரிமாவைக் கட்டாயம் எடுங்கள். சுற்றுக்காலம் 169 வருடம், 2005இல் 0.4 ஆர்க் செகண்ட் வரை ஒடுங்கிப் பெரிய கருவிகளையே சோதித்தது, பிறகு விலகி இப்போது சின்னத் தொலைநோக்கியிலும் பிரிகிறது. உச்சிக்குப் பக்கத்தில் வருவதால் காற்றின் தொல்லையும் குறைவு. ஜேக்கப் தலையைப் பிய்த்துக்கொண்ட 70 ஓஃபியூக்கிக்கு 88 வருடம், ஆடி ஆவணி மாலைகளில் நன்றாக உயரத்தில் நிற்கும். சில வருட அளவுகளை வரைபடத்தில் போட்டால் பி நகர்வது உங்கள் சொந்த எண்களிலேயே தெரியும்.

ஆல்ஃபா சென்டாரி 80 வருடச் சுற்றில் 2016 வாக்கில் 4 ஆர்க் செகண்ட் வரை நெருங்கி, இப்போது விலகிக்கொண்டிருக்கிறது. சென்னையில் 16 டிகிரி, கன்னியாகுமரியில் 21 டிகிரிக்கு மேல் ஏறாது, மே கடைசியில் இரவு பத்து மணி வாக்கில் நேர் தெற்கே தேடுங்கள். அவ்வளவு தாழ்வில் காற்று பட்டகம் போல வேலை செய்து ஒவ்வொரு விண்மீனையும் நீலத்தில் இருந்து சிவப்பு வரை செங்குத்தாக இழுத்துவிடும், கேமரா முன் ஒரு சிவப்பு ஃபில்டர் போட்டால்தான் அளக்கிற மாதிரி இருக்கும்.

ஜோடி உண்மையிலேயே ஒன்றையொன்று சுற்றுகிறதா, இல்லை முன்னும் பின்னுமாக இருப்பவை ஒரே திசையில் தெரிகின்றனவா என்பதற்கு, அளந்து முடித்தபின், விண்மீன்களின் இடத்தை அளந்த கையா விண்கலத்தின் தரவைப் பாருங்கள். இரண்டின் இடமாறு தோற்றமும் (தூரத்தைச் சொல்லும் அளவு) சுய நகர்வும் (வானத்தில் வருடாவருடம் இடம் பெயர்வது) பிழை எல்லைக்குள் ஒத்துப்போனால் சேர்ந்தே போகின்றன என்று பெரும்பாலும் சொல்லலாம். கையா எல்லாவற்றையும் அளந்துவிட்டதே, நாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: அது 2025 ஜனவரியில் அளப்பதை நிறுத்திவிட்டது, மிகப் பிரகாசமானவற்றில் அதற்குத் திணறலும் இருந்தது, சுற்றுப்பாதைகளோ நூற்றாண்டுக் கணக்கில் ஓடுகின்றன.

கை பழகியதும் புகழ்பெற்ற ஜோடிகளை விட்டுவிட்டு வாஷிங்டன் பட்டியலில் கடைசியாக அளந்த வருடத்தைப் பாருங்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஜோடிகளில் பல தசாப்தங்களாக யாரும் தொடாதவை இருக்கின்றன, தெற்கு வானில் அதிகம். 5 ஆர்க் செகண்டுக்கு மேல், ஒன்பதாம் பத்தாம் ஒளியளவு, சரிவு 0இல் இருந்து -40 வரை என்று வடிகட்டி எடுத்தால் ஒரு சீசனுக்கு வேண்டிய வேலை கையில் இருக்கும். முடிவுகளை ஜர்னல் ஆஃப் டபுள் ஸ்டார் அப்சர்வேஷன்ஸ் இதழுக்கு அனுப்பலாம், 2005 முதல் அமெச்சூர்களின் அளவுகளை வெளியிட்டு வருகிறார்கள். பட்டியல் எண், தேதி, கோணம், இடைவெளி, இரண்டின் பிழை, எத்தனை இரவு, என்ன கருவி, அளவுகோலை எப்படி எடுத்தீர்கள் என்பது எல்லாம் அட்டவணையில் இருக்க வேண்டும். மூல வீடியோக்களை ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு வையுங்கள், எண்ணைப் பற்றி யாராவது கேள்வி கேட்டால் மறுபடி எடுத்து அளந்து காட்ட அவை மட்டும்தான் உதவும்.